மாவு அரைத்தவர் பெயர்!
ஜெர்மனியில் நூற்றுக்கு ஒருவர் 'முல்லர்' ஆன கதை

மும்பைக்குப் பிழைக்க வரும் தமிழர் எந்த ஆபீசில் எந்தப் பாரத்தை வாங்கினாலும், ஒரு கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். 'சர்நேம்' என்று கேட்டிருக்கும் கட்டம் அது.

ஊரில் ஓர் எழுத்து இனிஷியலோடு வாழ்ந்தவர் அங்கே என்ன எழுதுவார்? சிலர் அப்பா பெயரை எழுதுவார்கள். சிலர் ஊர்ப் பெயரை எழுதுவார்கள். அன்று முதல் ஆபீஸ் முழுவதும் அவரை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடும்! சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்று அலைந்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

பக்கத்து மேஜைப் பார்சிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்லிவாலா, தாருவாலா, கான்ட்ராக்டர், என்ஜினீயர் என்று அவருக்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். பாட்டில் வியாபாரம் செய்தது கொள்ளுத்தாத்தா. பேரன் பாங்கியில் கணக்கு எழுதுகிறார். ஆனாலும் பெயர் பாட்லிவாலாதான்.

பார்சிகளிடம் இப்படிச் சில பெயர்கள். ஜெர்மனியிலோ தேசத்தில் பாதி இப்படித்தான்!

கொல்லர், தையல்காரர், மீனவர்

ஜெர்மனியில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் முல்லர். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு. அதாவது, நூறு பேர் ஏறிய ரயில் பெட்டியில் ஒரு முல்லர் இருப்பார். முல்லர் என்றால் மாவு அரைப்பவர் என்று பொருள்.

அதற்கு அடுத்து ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர், மையர், வாக்னர், பெக்கர், ஷூல்ஸ், ஹோஃப்மான் என்று வரிசை போகும். வாயில் நுழையச் சிரமமான பெயர்கள். ஆனால் பொருளைக் கேட்டால் நம் ஊர்த் தெருவில் நடப்பது போல இருக்கும். ஷ்மிட் கொல்லர். ஷ்னைடர் தையல்காரர். ஃபிஷர் மீனவர். வேபர் நெசவாளர். வாக்னர் வண்டி செய்யும் தச்சர். பெக்கர் ரொட்டி சுடுபவர். மையரும் ஹோஃப்மானும் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர்கள். ஷூல்ஸ் ஊர் மணியக்காரர்.

ஷ்மிட் என்பதை நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினால் கொல்லர் மாவரைப்பவரை முந்திவிடுவார் என்றும் சொல்வது உண்டு. ஒரே எழுத்துக்கூட்டல் என்று பார்த்தால் முல்லருக்குத்தான் முதலிடம்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதும் அல்ல. மும்பை காலா கோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடத்துப் பக்கம் நடந்தவர்கள் 'மாக்ஸ்முல்லர் பவன்' என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அந்தப் பலகை உண்டு. ஜெர்மன் மொழி கற்பிக்கும் இடம் அது. அந்த மாக்ஸ்முல்லரின் பெயரும் மாவு அரைப்பவர் பெயர்தான். அவர் கதைக்குப் பின்னால் வருவோம்.

'மில்'லுக்குச் சொந்தக்காரர்

நம் வீடுகளில் முன்பு திருகை இருந்தது. இரண்டு கல், நடுவில் ஒரு முளை, பிடித்துச் சுற்ற ஒரு கழி. ஆதி ஜெர்மானியர் வீட்டிலும் அப்படியே ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் சொந்த மொழியில் 'க்விர்ன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண்களும் அடிமைகளும் மணிக்கணக்கில் சுற்றினால்தான் ஒரு வேளை ரொட்டிக்கு மாவு கிடைக்கும்.

ஓடும் தண்ணீரில் சக்கரத்தை வைத்துக் கல்லைச் சுற்றவைக்கும் வித்தையைக் கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள். பொருளோடு பெயரும் வந்தது. லத்தீனில் 'மோலினா'. அதுவே பழைய ஜெர்மனில் 'முலின்' ஆகி, பின்பு 'ம்யூலெ' ஆயிற்று. ம்யூலெயில் இருப்பவர் முல்லர்.

அதே மோலினாதான் இங்கிலாந்துக்குப் போய் 'மில்' ஆயிற்று. தண்ணீரால் சுழன்ற பெரிய யந்திரத்துக்கெல்லாம் ஆங்கிலேயர் மில் என்றே பெயர் சொன்னார்கள். நூல் நூற்கும் யந்திரமும் முதலில் தண்ணீரால் சுழன்றதால், பஞ்சாலைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் நாம் சொல்லும் மாவு மில், ரைஸ் மில், பரேலிலும் லால்பாகிலும் சங்கு ஊதிய பருத்தி மில் எல்லாவற்றுக்கும் முல்லர் தூரத்துச் சொந்தக்காரர்!

இடத்துக்கு இடம் உச்சரிப்பு மாறும். வடக்கு ஜெர்மனியில் மோல்லர். தெற்கே மில்லர், முல்னர். ஹாலந்தில் முல்டர். ஹங்கேரியில் மோல்னார். இத்தாலியில் மோலினாரி. படித்த பண்டிதர்கள் சிலர் தங்கள் பெயரை லத்தீனாக்கி 'மோலிட்டோர்' என்று கௌரவமாக எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய முல்லர்களில் பலர் அங்கே மில்லர் ஆனார்கள்.

ஊருக்கு ஒருவர்

ஜெர்மனியிலும் ஆதியில் ஒருவருக்கு ஒரே பெயர்தான். ஹைன்ரிஷ் என்றால் ஹைன்ரிஷ். 12ஆம் நூற்றாண்டு முதல் பட்டணங்கள் பெருகின. ஒரே தெருவில் நாலு ஹைன்ரிஷ், ஐந்து யோஹான் என்று ஆகிவிட்டது. வரி வாங்குகிறவருக்கும் பத்திரம் எழுதுகிறவருக்கும் எந்த ஹைன்ரிஷ் என்று தெரிய வேண்டும். 'மாவரைக்கிற ஹைன்ரிஷ்', 'மேட்டுத் தெரு ஹைன்ரிஷ்', 'குட்டை ஹைன்ரிஷ்' என்று ஓர் அடையாளம் சேர்த்து எழுதினார்கள். மகன் காலத்திலும் பேரன் காலத்திலும் அந்த அடையாளம் நீடித்தபோது அது குடும்பப் பெயர் ஆயிற்று. மேற்கிலும் தெற்கிலும் இருந்த பட்டணங்களில் இது முதலில் வந்தது. கிராமங்களுக்குப் பரவ இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வடகடல் ஓரத்து ஃபிரீசிய மக்கள் நம்மைப் போல அப்பா பெயரை வைத்தே காலம் தள்ளினார்கள். அப்பா மாறினால் பெயரும் மாறும். நெப்போலியன் 1811இல் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டான். அப்போதும் அவர்கள் அவசரப்படவில்லை. 'சர்நேம்' கட்டத்தில் பேனாவோடு விழித்தவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள் என்பது நமக்கு ஓர் ஆறுதல்!

இங்கே ஒரு சந்தேகம் வரும். அந்தக் காலத்தில் ஜனங்களில் பெரும்பாலோர் உழவர்கள். அப்படியானால் உழவர் என்று பொருள்படும் 'பவுவர்' என்ற பெயர்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்? மாவரைப்பவர் எப்படி முந்தினார்?

விடை எளிது. அடையாளம் என்பது மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது. ஊரே உழவராக இருக்கும்போது ஒருவரை 'உழவர்' என்று சொல்லி என்ன பயன்? மாவு ஆலையோ ஊருக்கு ஒன்று. 'ஆலைக்காரர்' என்றால் வேறு யாரையும் குறிக்காது. கொல்லரும் மணியக்காரரும் அப்படியே. ஓடை ஓடிய இடமெல்லாம் ஆலை இருந்தது. ஆகவே இடமெல்லாம் ஒரு முல்லர் முளைத்தார். இதனால் இன்னொன்றும் விளங்கும். இன்றுள்ள முல்லர்கள் எல்லோரும் ஒரு வம்சம் அல்ல. ஆயிரக்கணக்கான ஓடைக்கரைகளில் தனித்தனியே பிறந்த பெயர் அது. ஒரு முல்லர் இன்னொரு முல்லருக்கு மாமனும் அல்ல, மச்சானும் அல்ல.

சட்டம் காத்தது, ஊர் தூற்றியது

மாவு ஆலை இல்லையென்றால் ரொட்டி இல்லை. அதனால் சட்டம் ஆலையைக் கோயிலுக்குச் சமமாக வைத்தது. ஐக்கே ஃபான் ரெப்கோ என்பவர் 1220க்கும் 1235க்கும் இடையில் சாக்சன் நாட்டு வழக்கங்களைத் திரட்டி ஒரு சட்டநூல் எழுதினார். 'சாக்சன்ஷ்பீகல்' என்று அதற்குப் பெயர். ஏர், ஆலை, மாதாகோயில், கல்லறைத் தோட்டம் ஆகிய இடங்களில் கொள்ளை அடித்தவனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாதாரணத் திருடனுக்குத் தூக்குதான்.

ஆலைக்கு யார் முதலில் வருகிறாரோ அவருக்கே முதலில் அரைக்க வேண்டும் என்ற விதியும் அதே நூலில் உண்டு. பண்ணையாராக இருந்தாலும் பின்னால் வந்தால் பின்னால்தான்! ஜெர்மானியர்கள் இன்றும் வரிசையில் இடம் பிடிக்கும்போது அரைப்பதைச் சொல்லியே பழமொழி பேசுகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் கையை நீட்டி முந்தப் பார்ப்பவர்களிடம் சொல்ல வேண்டிய பழமொழி அது.

இவ்வளவு பாதுகாப்பு ஆலைக்கு. ஆலைக்காரருக்கு?

அவருக்கு ஊரில் மதிப்பில்லை. உள்ளதைச் சொன்னால், இழிவுதான்.

காரணம் கூலி வாங்கிய விதம். அவருக்குக் காசு கொடுப்பதில்லை. கொண்டுவந்த தானியத்தில் ஒரு பங்கை அவரே அளந்து எடுத்துக்கொள்வார். பல இடங்களில் பதினாறில் ஒரு பங்கு. அளக்கும் படி அவருடையது. அளக்கும் கையும் அவருடையது. கோதுமையாகப் போனது மாவாக வரும்போது எடை சரிதானா என்று யாருக்குத் தெரியும்? போதாததற்குத் தூசியாகக் கொஞ்சம் பறக்கும், கல்லில் கொஞ்சம் ஒட்டும். அத்தனையும் ஆலைக்காரர் வீட்டுப் பன்றிக்குப் போகிறது என்று ஊர் பேசிற்று.

நாரை ஏன் ஆலைக் கூரையில் கூடு கட்டுவதில்லை? ஆலைக்காரர் முட்டையைத் திருடிவிடுவார் என்ற பயத்தால்! ஜெர்மன் கிராமங்களில் இப்படி ஒரு விடுகதையே உண்டு.

பிடிக்கவில்லை என்றால் வேறு ஆலைக்குப் போகலாமே? அதற்கும் வழியில்லை. பெரும்பாலான ஆலைகள் ஜமீன்தாருக்கோ மடத்துக்கோ சொந்தம். அவர்களது எல்லைக்குள் இருப்பவன் அந்த ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்பது கட்டாயம். பிரஷ்யாவில் இந்தக் கட்டாயம் 1810இல்தான் ஒழிந்தது. ஆலைக்காரர் பெரும்பாலும் குத்தகைதாரர். மேலே ஜமீன்தார் குத்தகைக்கு நெருக்குவார். கீழே உழவன் திருடன் என்பான். ரேஷன் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்பவரின் நிலைமைதான். அவர்களில் எடை குறைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஏச்சு எல்லோருக்கும் பொது.

ஆலை இருந்த இடமும் சந்தேகத்தை வளர்த்தது. தண்ணீர் இருக்கும் இடத்தில்தானே ஆலை இருக்க முடியும்? ஊரை விட்டுத் தள்ளி, ஓடையோரத் தனிமையில், இரவெல்லாம் கடகடவென்று சத்தம். அங்கே சைத்தான் வந்து போகிறான் என்று கதை கட்டினார்கள். சில இடங்களில் தூக்கு மரத்துக்கு ஏணி கொடுக்க வேண்டிய கடமையையும் ஆலைக்காரர் தலையில் வைத்தார்கள். தூக்கு மரத்தோடு சம்பந்தம் என்றால் தீட்டு. அப்புறம் அவரோடு யார் சமமாக உட்காருவார்?

மகனுக்கு வேலை இல்லை

அந்தக் காலத்துப் பட்டணங்களில் ஒரு தொழில் செய்ய வேண்டுமானால் அந்தத் தொழிலின் சங்கத்தில் சேர வேண்டும். தையல்காரருக்கு ஒரு சங்கம், ரொட்டி சுடுபவருக்கு ஒரு சங்கம். பயிற்சிக்குச் சேரும் பையன் 'மானமுள்ள பிறப்பு' உடையவன் என்று சான்றுக் கடிதம் கொண்டுவர வேண்டும். அப்பன் என்ன தொழில் என்று அதில் இருக்கும்.

மானமில்லாத தொழில் என்று ஒரு பட்டியலே இருந்தது. தூக்குப் போடுபவர், செத்த மாட்டின் தோலை உரிப்பவர் ஆகிய இருவரும் அதில் கடைசிப் படி. அவர்களுக்கு மேலே சணல் துணி நெய்பவர், ஆட்டு இடையர், நாவிதர், குளிப்பகம் நடத்துபவர், குழல் ஊதுபவர், முரசடிப்பவர், சுங்கம் வசூலிப்பவர். பல ஊர்களில் மாவரைப்பவரும் இவர்களோடு. மாவரைப்பவர் மகன் தையல் கற்கப் போனால் கதவு அடைபடும். பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறந்த இடம் ஓடைக்கரை, அவ்வளவுதான். இந்த வழக்கத்தை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1548இல் பேரரசு ஒரு சட்டம் போட்டது. சணல் நெசவாளர், நாவிதர், இடையர், மாவரைப்பவர், சுங்கக்காரர் முதலானோரின் பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது. 1577இல் அதையே மறுபடியும் சொன்னது. 1731இல் இன்னொரு சட்டம் மூன்றாம் முறையாக அதே விஷயத்துக்கு வந்தது. தோல் உரிப்பவர் தவிர மற்ற எல்லோரின் பிள்ளைகளும் மானமுள்ளவர்களே என்று அறிவித்தது. ஒரே சட்டத்தை 183 ஆண்டுகளில் மூன்று முறை போட வேண்டியிருந்தது என்றால், முதல் இரண்டு முறையும் எந்த அழகில் நிறைவேறியிருக்கும் என்று ஊகிக்கலாம். தோல் உரிப்பவரை மூன்றாவது சட்டமும் வெளியே நிறுத்தியதே, அதையும் கவனிக்க வேண்டும்.

ராஜா தலையிட்ட வழக்கு

மாவரைப்பவர் ஒருவருக்காக ஒரு ராஜா தன் நீதிபதிகளையே சிறையில் தள்ளிய கதையும் உண்டு. கட்டுக்கதை அல்ல, நடந்தது.

பிரஷ்யாவில் பொம்மர்ட்சிக் என்ற ஊர். அது இன்று போலந்தில் இருக்கிறது. அங்கே ஆர்னால்ட் என்பவர் குத்தகைக்கு ஆலை நடத்தினார். ஓடையின் மேற்புறத்தில் ஒரு பிரபு மீன் வளர்க்கக் குளம் வெட்டினார். தண்ணீர் குறைந்துவிட்டது, ஆலை ஓடவில்லை, குத்தகை கட்ட முடியாது என்றார் ஆர்னால்ட். ஆலையின் சொந்தக்காரரான இன்னொரு பிரபு வழக்குப் போட்டார். ஆலை ஏலத்துக்கு வந்தது. கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டாக ஆர்னால்ட் தோற்றார். அவரும் மனைவியும் ராஜாவுக்கே மனுப் போட்டார்கள்.

ராஜா, மகா ஃபிரெடெரிக். 'ஏழை என்பதால்தானே இவனுக்கு நியாயம் கிடைக்கவில்லை' என்று அவருக்குக் கோபம் பொங்கிற்று. 1779 டிசம்பரில் பிரதம நீதி மந்திரியை நின்ற நிலையில் வேலையை விட்டுத் துரத்தினார். நீதிபதிகளைச் சிறையில் அடைத்தார். ஆலை ஆர்னால்டுக்குத் திரும்பி வந்தது. ஏழைகள் ராஜாவைக் கொண்டாடினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குளத்துக்கும் ஆர்னால்டின் ஆலைக்கும் நடுவில் மரம் அறுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அது தண்ணீர்க் குறைவின்றி ஓடிக்கொண்டிருந்தது என்பது நீதிபதிகள் பக்கத்து வாதம். 1786இல் ராஜா இறந்தார். அடுத்து வந்தவர் நீதிபதிகள் குற்றமற்றவர்கள் என்று சொல்லி அவர்கள் மானத்தைத் திருப்பிக் கொடுத்தார். ராஜா செய்தது சரியா, தவறா என்று சட்டம் படிப்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், ஊரார் திருடன் என்று சொன்ன தொழில்காரர் ஒருவரின் மனுவை ஒரு ராஜா எடுத்துப் படித்தார் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

பெயர் நின்றது, இழிவு நிற்கவில்லை

இத்தனை ஏச்சு வாங்கிய தொழிலின் பெயரை ஏழு லட்சம் பேர் இன்று கூச்சமில்லாமல் கதவில் எழுதி மாட்டியிருக்கிறார்களே, எப்படி?

பெயர் நிலைத்தபோது தொழில் நிலைக்கவில்லை என்பதுதான் காரணம். ஆலை ஒன்று, மகன்கள் நாலு. மூத்தவன் ஆலையை எடுத்துக்கொண்டால் மற்ற மூவரும் வேறு பிழைப்புத் தேட வேண்டும். ஒருவன் படைக்குப் போவான், ஒருவன் வண்டி ஓட்டுவான், ஒருவன் சட்டம் தளர்ந்த பிறகு தையல்காரன் ஆவான். மூவரும் முல்லரே. மூன்று தலைமுறை கழித்து ஒரு முல்லரைப் பார்ப்பவருக்கு இவர் பாட்டன் மாவரைத்தாரா, எந்த ஊரில் அரைத்தார் என்று எதுவும் தெரியாது. முல்லர் முல்லர் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்ற கட்டும் இல்லை. ஷ்மிட் வீட்டுப் பெண் முல்லர் வீட்டுக்கு வந்தாள். பெயர் வெறும் பெயர் ஆயிற்று.

நம் நாட்டில் தொழிற்பெயர் போன வழி வேறு. பெயரோடு கல்யாணமும், கல்யாணத்தோடு தெருவும் கட்டப்பட்டிருந்தன. பெயரைச் சொன்னால் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டிவிடச் சொன்னது. அப்படி வெட்டியவர்களின் பேரன்மார்தான் இன்று வெளி மாநிலத்தில் 'சர்நேம்' கட்டத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். காரணம் தெரியாத குமாஸ்தா, பாரம் முழுமையாக இல்லை என்று திருப்பித் தருகிறார்.

ஆலைக்காரர் மகன், விண்ணை அளந்தவர்

பழைய முல்லர்களில் ஒருவரை அவசியம் சொல்ல வேண்டும். 1436இல் ஃபிராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் ஓர் ஆலைக்காரருக்கு மகனாகப் பிறந்தார் யோஹான்னெஸ் முல்லர். பதினொரு வயதில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு வியன்னா போனார். கணிதத்திலும் வானநூலிலும் அந்த நூற்றாண்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1474இல் நூரம்பர்க்கில் அவர் அச்சிட்ட கிரக அட்டவணை, நாள்தோறும் கிரகங்கள் எங்கே இருக்கும் என்று பல ஆண்டுகளுக்குக் கணித்துச் சொன்னது. நம் பஞ்சாங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கடலோடிகளும் அதைக் கொண்டுபோனார்கள்.

ஆனால் உலகம் அவரை முல்லர் என்று அறியாது. ஊர்ப் பெயரை லத்தீனில் ஆக்கி 'ரெகியோமொன்டானுஸ்' என்றே அவர் புகழ் பெற்றார். ராஜமலைக்காரர் என்று பொருள். அப்பாவின் தொழிலைக் காட்டும் பெயரை விட ஊரைக் காட்டும் பெயர் கல்விமான்கள் சபையில் கௌரவமாகப் பட்டிருக்கலாம். பதவி உயர்வு வந்ததும் பெயரை நீட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மோடு தொடங்கியது அல்ல!

வேதம் பதிப்பித்த முல்லர்

இனி மாக்ஸ்முல்லர். அவருடைய தந்தை வில்ஹெல்ம் முல்லர் டெஸ்ஸாவ் நகரத்துக் கவிஞர். அழகான ஆலைக்காரப் பெண் ஒருத்தியைக் காதலிக்கும் ஆலைத் தொழிலாளியின் கதையைக் கவிதை வரிசையாக எழுதியவர். ஷூபர்ட் என்ற இசைமேதை 1823இல் அதற்கு மெட்டமைத்தார். முல்லர் என்ற பெயர்க்காரர் ஆலைக்காரியைப் பாடினார் என்பது பொருத்தம்தான். ஆனால் வில்ஹெல்மின் அப்பா மாவரைத்தவர் அல்ல, துணி தைத்தவர்! பெயர் முல்லர், தொழில் ஷ்னைடர்.

அதே 1823ஆம் ஆண்டு டிசம்பரில் மகன் பிறந்தான். ஃபிரீட்ரிஷ் மாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வேபர் இசையமைத்த ஓர் இசை நாடகத்தின் கதாநாயகன் பெயர் மாக்ஸ், அதிலிருந்து எடுத்தது. ஆக, நெசவாளர் பெயர் கொண்டவரின் நாடகத்திலிருந்து வந்த பெயர், தையல்காரர் வீட்டில் பிறந்து, மாவரைப்பவர் பெயரோடு சேர்ந்தது.

அவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். ரிக் வேதத்தை சாயணர் உரையோடு ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1849இல் முதல் தொகுதி, 1874இல் கடைசித் தொகுதி. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு. 1900இல் காலமாகும் வரை இந்தியாவுக்கு ஒரு தடவை கூட அவர் வந்ததில்லை.

வெறும் முல்லர் என்றால் ஆயிரம் பேரில் ஒருவர் ஆகிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றிற்று. அதனால் மாக்ஸ் என்பதையும் குடும்பப் பெயரோடு சேர்த்து 'மாக்ஸ்முல்லர்' என்று ஆக்கிக்கொண்டார். வேதப் பதிப்பின் வடமொழி முகப்பில் அதை 'மோட்சமூலர்' என்று எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு 'கோதீர்த்தம்' ஆயிற்று. ஓடைக்கரையில் கல்லைச் சுற்றியவர் பெயர் மோட்சத்துக்கு மூலமாகிவிட்டது! பெயருக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு எந்த இலாகாவிலும் கிடைக்காது.

பொதுப் பெயரால் வந்த இதே தொல்லை இன்னொருவருக்கும் உண்டு. 1848இல் பிரஷ்யத் தேசிய சபையில் ஷூல்ஸ என்ற பெயரில் பலர் இருந்தார்கள். யார் பேசினார் என்று குறிப்பெழுதுகிறவருக்கே குழப்பம். டெலிட்ஷ் ஊரிலிருந்து வந்த ஹெர்மன் ஷூல்ஸ தன் ஊரையும் சேர்த்து 'ஷூல்ஸ-டெலிட்ஷ்' ஆனார். கைத்தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் பணம் போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் வாங்கிக்கொள்ளும் சங்கங்களை வளர்த்தவர் அவர்தான். சென்னை ராஜதானி அதிகாரி நிக்கல்சன் ஐரோப்பா போய் இந்தச் சங்கங்களைப் பார்த்து 1895இலும் 1897இலும் அறிக்கை கொடுத்தார். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. அதே ஆண்டு காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம் பதிவாயிற்று. மகள் கல்யாணத்துக்கு ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர்கள் ஒரு ஜெர்மன் மணியக்காரர் பெயருக்கு நன்றி சொல்லலாம்.

கால் பந்து முதல் நோபல் வரை

முல்லர் இல்லாத துறை கிடையாது. 1974 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஹாலந்துக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டவர் கெர்ட் முல்லர். 1987இல் இயற்பியல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட சுவிஸ் விஞ்ஞானி அலெக்ஸ் முல்லர். 2009இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஹெர்டா முல்லர். ருமேனியாவில் ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்.

பெயர் பெருகியதால் சங்கடமும் உண்டு. ஜெர்மனியில் இஷ்டப்பட்டபடி குடும்பப் பெயரை மாற்ற முடியாது. தக்க காரணம் காட்ட வேண்டும். முல்லர், ஷ்மிட், மையர் போன்ற பொதுப் பெயராக இருந்து ஆள் மாறாட்டம் ஏற்படுவதும் ஒரு காரணம் என்று அரசு விதியே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளவில்லை.

மாவரைக்கும் தொழில்தான் மெலிந்துவிட்டது. நீராவியும் மின்சாரமும் வந்த பிறகு ஓடைக்கரை ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மேற்கு ஜெர்மனியில் 1957இல் ஒரு சட்டம் வந்தது. ஆலைகள் தேவைக்கு மேல் இருந்ததால், மூடுபவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து மூடவைத்தார்கள். மிஞ்சிய பழைய ஆலைகளில் சில இன்று வீடு, சில ஓட்டல், சில காட்சிசாலை. 1994 முதல் ஆண்டுக்கு ஒரு நாள், பெந்தெகொஸ்தே திங்களன்று, பழைய ஆலைகளைத் திறந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கப் போகிறார்கள்.

பெரிய ஆலையில் வேலைக்குச் சேருகிறவர் இன்று கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்காருகிறார். அவருக்கு அரசு தரும் பயிற்சிச் சான்றிதழில் வெகு காலம் 'முல்லர்' என்றே தொழிலின் பெயர் இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டு, 'ஆலை மற்றும் தானியத் துறைச் செய்முறைத் தொழில்நுட்பர்' என்ற பொருளில் நீளமான ஒரு பெயரைப் போட்டார்கள். ஆக, ஜெர்மனியில் இன்று புதிதாகப் பயிற்சி முடித்து மாவரைக்கப் போகிறவர் சான்றிதழ்ப்படி முல்லர் அல்ல. அவர் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் முல்லராக இருக்கலாம்.